விலை பேசும் திறம்

கொள்வோரும் கொடுப்போரும் கூடும் இடமே சந்தை. பண்டம் ஒருவர் கையில் இருக்கும். பணம் மற்றொருவர் கையில் இருக்கும். இருவர் மனமும் ஒத்த இடத்தில் விலை பிறக்கும். அவ்வாறு மனம் ஒத்தற்பொருட்டு இருவரும் பேசும் பேச்சையே பேரம் என்கிறோம். கத்தரிக்காய் வாங்குவோரும் பேரம் பேசுவர். காளை மாடு வாங்குவோரும் பேரம் பேசுவர். காய்க்கடையில் ஐந்து ரூபாயின்பொருட்டு அரை நாழிகை வாதாடுகின்ற நாம், நூறாயிரம் ரூபாய் விலையுள்ள மோட்டார் சைக்கிளை வாங்கச் செல்லும்பொழுது மட்டும் வாய் திறவாமல், நீட்டிய தாளில் கையெழுத்திட்டு மீள்கின்றோம். இது வியப்பன்றோ?

இதற்குக் காரணம் யாது? கண்ணாடிக் கதவு, குளிரூட்டிய கூடம், விளக்கொளியில் மின்னும் வண்டிகள், கழுத்துப்பட்டை அணிந்த பணியாளர் ஆகிய இவற்றைக் கண்டதும் நம் நா அடங்கிவிடுகின்றது. "அச்சிட்ட விலை, இதில் பேசுவதற்கு என்ன உண்டு?" என்று நமக்கு நாமே கூறிக்கொள்கின்றோம். இக்கூற்றில் பாதி உண்மை, பாதி மயக்கம். அச்சிட்ட விலையில் பேசுவதற்கு இடம் சிறிது என்பது உண்மை. ஆனால் அவ்விலையின் கீழே வரிவரியாக எழுதிக் கூட்டப்படும் தொகைகளில் பேசுவதற்கு இடம் பெரிது. எது அசையும், எது அசையாது என்பதைப் பகுத்தறிதலே விலை பேசும் திறம். குரலை உயர்த்துவது திறம் அன்று. கணக்கை அறிவதே திறம்.

மோட்டார் சைக்கிள் ஒரு காலத்தில் செல்வர் ஊர்தியாக இருந்தது. 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து புல்லட் வண்டிகள் நாடெங்கும் சென்றன. 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 என்னும் சிறு வண்டி வெளிவந்தபின், எளிய குடும்பங்களின் வாயிலிலும் இருசக்கர ஊர்தி நிற்கலாயிற்று. இன்றோ, பால் கறந்து விற்பவர், மீன்கூடை கட்டிச் செல்பவர், கொத்தனார், செவிலி, ஆசிரியர் ஆகிய பலர்க்கும் அது கைகால் போன்ற துணையாகிவிட்டது. அவர்களுட் பலர் வண்டிக்குக் கொடுக்கும் பணம் பெட்டியில் உறங்கிக் கிடந்த பணம் அன்று. சிறுகச் சிறுகச் சேர்த்த பணம். அல்லது இனிமேல் உழைத்து அடைக்கவேண்டிய கடன். ஆகவே வீணாகச் செல்லும் ஒவ்வோர் ஆயிரமும் ஓர் இல்லத்தின் அரிசியும் பருப்பும் ஆகும்.

"பதினெட்டு வயது நிரம்பாத எங்களுக்கு இச்செய்தி எதற்கு?" என்று நீங்கள் வினவலாம். அவ்வயது நிரம்பி உரிமம் பெறும்வரையில் நீங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டுதல் கூடாது, அது சட்டம். ஆனால் உங்கள் இல்லத்துக்கு வண்டி வாங்கும் நாளில், தந்தையின் அருகில் நின்று தாளைப் படிக்கலாம், கணக்கைச் சரிபார்க்கலாம். நீங்கள் வகுப்பறையில் கற்ற வட்டிக் கணக்கு அன்று உங்கள் குடும்பத்துக்குப் பொன்னாகப் பயன்படும்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். சென்னிமலைப் பக்கத்தில் வாழும் நெசவாளர் ஒருவர், தாம் நெய்த போர்வைகளை ஈரோட்டுக்கு எடுத்துச் செல்ல ஒரு வண்டி வாங்க விரும்புகின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் மகள் அவருடன் செல்கின்றாள். அவர் கையில் சேமிப்பு 25,000 ரூபாய் உண்டு. விற்பனைக்கூடத்துப் பணியாளர் அன்புடன் வரவேற்று, வண்டிகளைக் காட்டி, இறுதியில் ஒரு தாளை எழுதி நீட்டுகின்றார். அத்தாளில் பின்வருவன காணப்படுகின்றன: கூட விலை 90,000 ரூபாய், வாழ்நாள் வரி 9,000, காப்பீடு 8,500, பதிவுச் செலவு 2,500, துணைப்பொருள்கள் 3,500, கையாளும் கட்டணம் 1,500. ஆக மொத்தம் 1,15,000 ரூபாய். முதல் தொகையை மக்கள் 'எக்ஸ் ஷோரூம் விலை' என்பர். இறுதித் தொகையை 'ஆன் ரோடு விலை' என்பர். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள 25,000 ரூபாயே நாம் ஆராயவேண்டிய நிலப்பகுதி. இவை விளக்கத்துக்காகக் கொண்ட தொகைகள். வண்டிக்கு வண்டி, ஊருக்கு ஊர் மாறும். ஆயினும் வரிகளின் வரிசை எங்கும் ஏறக்குறைய இவ்வாறே இருக்கும்.

முதலாவது, கூட விலை. இதனை வகுப்பவர் வண்டியைச் செய்யும் நிறுவனத்தார். சரக்கு, சேவை வரி இதனுள்ளேயே அடங்கியுள்ளது. 350 கன சென்டிமீட்டர் வரையுள்ள மோட்டார் சைக்கிள்களுக்கு அவ்வரி 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22ஆம் நாள் முதல் நூற்றுக்கு 28இலிருந்து 18ஆகக் குறைக்கப்பட்டது. ஆதலின் 90,000 ரூபாயில் ஏறத்தாழ 13,700 ரூபாய் அரசுக்குச் செல்லும் வரியே. எஞ்சிய தொகையிலும் பெரும்பகுதி நிறுவனத்தாரைச் சேரும்; விற்பவர்க்குக் கிடைக்கும் பங்கு சிறிதே. எனவே இவ்வரியில் பெருந்தள்ளுபடி எதிர்பார்த்தல் பொருந்தாது. மக்கள் முந்திக்கொண்டு கேட்கும் வண்டியாயின் ஒரு ரூபாயும் குறையாது. தேங்கி நிற்கும் வண்டியாயின் சில ஆயிரங்கள் குறைதல் கூடும்.

இரண்டாவது, வாழ்நாள் வரி. இது மாநில அரசுக்கு உரியது. தமிழ்நாட்டில் 2023ஆம் ஆண்டு நவம்பரில் திருத்தியபடி, 1,00,000 ரூபாய் வரை விலையுள்ள புதிய இருசக்கர ஊர்திக்கு நூற்றுக்கு 10. அதற்கு மேற்பட்டால் நூற்றுக்கு 12. இதில் பேரம் பேச இடமே இல்லை. "வரியைக் குறைப்பதற்காக விலைச்சீட்டில் தொகையைக் குறைத்து எழுதுங்கள்" என்று கேட்பாரும் உளர். அது பேரம் அன்று; களவு. அன்றியும், அது கேட்பவரையே பின்னர் வருத்தும். வண்டி திருட்டுப் போனால் காப்பீட்டுத் தொகை கேட்கும் நாளில் அக்குறைந்த விலைச்சீட்டே அவருக்கு எதிராக நிற்கும்.

மூன்றாவது, காப்பீடு. பிறர்க்கு நேரும் தீங்குக்கு ஈடு செய்யும் மூன்றாம் நபர் காப்பீடு இன்றிச் சாலையில் வண்டி ஓட்டுதல் சட்டப்படி குற்றம். உச்ச நீதிமன்றத்தின் ஆணைப்படி 2018ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து புதிய இருசக்கர ஊர்திக்கு இதனை ஐந்தாண்டுக்கும் சேர்த்தே பெறவேண்டும். இதன் கட்டணம் அரசு வரையறுப்பது. 2022ஆம் ஆண்டில் வரையறுத்தபடி, 75க்கு மேல் 150 கன சென்டிமீட்டர் வரையுள்ள புதிய வண்டிக்கு அது 3,851 ரூபாய். அதற்குரிய வரி தனி. இது எங்குப் பெற்றாலும் ஒன்றே. ஆனால் நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடும், அதனுடன் சேர்க்கும் கூடுதல் காப்புகளும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். காப்பீடு வேண்டும் என்றே சட்டம் கூறுகின்றது. இன்னாரிடமே பெறவேண்டும் என்று கூறவில்லை. விற்பனைக்கூடத்தார் காட்டும் நிறுவனத்தை விடுத்து வேறொன்றைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வாங்குபவர்க்கு உண்டு. வேறிடத்தில் விசாரித்து எழுதி வாங்கிய ஒரு தாள் கையில் இருந்தால், இவ்வரி தானே குறையும். கட்டணத்தைக் குறைப்பதற்காக வண்டியின் காப்பீட்டு மதிப்பைக் குறைத்துவிடுகின்றனரா என்பதை மட்டும் கூர்ந்து நோக்கவேண்டும்.

நான்காவது, பதிவுச் செலவு. மத்திய மோட்டார் வாகன விதிகளின் கட்டண அட்டவணை 2016ஆம் ஆண்டின் இறுதியில் திருத்தப்பட்டது. அதன்படி மோட்டார் சைக்கிளைப் பதிவு செய்வதற்குக் கட்டணம் 300 ரூபாய். கடன் கொடுத்தவரின் உரிமையைக் குறித்துக்கொள்வதற்கு 500 ரூபாய். அட்டைக்கும் அஞ்சலுக்கும் சிறு தொகைகள் ஆகலாம். தாளில் 2,500 ரூபாய் எழுதியிருப்பின், எஞ்சியது எதற்கு என்று வினவுதல் வாங்குபவரின் உரிமை. அலுவலகத்துக்குச் சென்றுவரும் உழைப்புக்கு நியாயமான தொகை கேட்டால் அதனைத் தருதலும் தகும். ஆனால் அரசுக் கட்டணத்துக்கு ரசீது கேட்டுப் பெறல் வேண்டும்.

ஐந்தாவது, துணைப்பொருள்கள். தலைக்கவசம், சேலைக் காப்பு, காப்புக் கம்பி, இருக்கை உறை, மெருகுப்பூச்சு எனப் பலவும் இவ்வரியில் வந்து புகும். இவற்றுள் சிலவற்றுக்குத் தனி விலை கேட்பதே பொருந்தாது. இருசக்கர ஊர்தியை விற்கும்பொழுது இந்தியத் தரத்துக்கு ஏற்ற தலைக்கவசம் ஒன்றை நிறுவனத்தார் வழங்கவேண்டும் என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளுள் 138ஆம் விதி கூறுகின்றது. பின்னிருப்பவர் பற்றிக்கொள்ளும் கைப்பிடி, கால் வைக்கும் தாங்கி, ஆடை சக்கரத்திற் சிக்காதபடி பின்சக்கரத்தின் பாதியையேனும் மறைக்கும் காப்பு ஆகியவை வண்டியோடு அமைந்திருக்கவேண்டும் என்பது 123ஆம் விதி. மக்கள் 'சாரி கார்டு' என வழங்கும் இக்காப்பு அழகுக்காக வைப்பது அன்று. தாய்மாரின் உயிர்க்காக வைப்பது. இவற்றுக்குத் தனி விலை எழுதியிருப்பின், விதியைச் சுட்டி அமைதியாகக் கேட்கலாம். ஏனைய பொருள்கள் நம் விருப்பத்தைப் பொறுத்தவை. வேண்டாதவற்றை 'வேண்டா' என்று அடித்துவிடலாம்.

ஆறாவது, கையாளும் கட்டணம். 'ஹேண்ட்லிங் சார்ஜ்' என்று இதனை எழுதுவர். வண்டியைக் கிடங்கிலிருந்து கொண்டுவந்து துடைத்து வைத்தமைக்கு இது என்பர். விற்கும் பண்டத்தைக் கொண்டுவந்து வைத்தல் விற்பவர் கடமை அன்றோ? அரிசிக்கடைக்காரர் மூட்டையை இறக்கி வைத்ததற்குத் தனியாகக் கூலி கேட்டால் நாம் கொடுப்பதில்லை. இது அரசுக்குச் செல்லும் கட்டணமும் அன்று. "இதனை எடுத்துவிடுங்கள்" என்று உறுதியாகக் கேட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவர்.

நம் நெசவாளர் மகளின் துணையுடன் இவ்வரிகளை ஒவ்வொன்றாக வினவுகின்றார். கையாளும் கட்டணம் 1,500 ரூபாய் நீங்குகின்றது. துணைப்பொருள்களில் காப்புக் கம்பி மட்டும் 1,000 ரூபாய்க்குப் போதும் என்றதனால் 2,500 குறைகின்றது. காப்பீட்டில் வேறொரு தாளைக் காட்டியதால் 2,000 குறைகின்றது. பதிவுச் செலவில் 1,000 குறைகின்றது. மாத இறுதியாதலால் கூட விலையில் 3,000 ரூபாய் தள்ளுபடி கிடைக்கின்றது. ஆகக் குறைந்த தொகை 10,000. கொடுக்கவேண்டிய விலை 1,05,000 ரூபாய். அச்சிட்ட விலையில் குறைந்தது மூன்று பங்கில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏனைய வரிகளில் குறைந்ததே பெரும்பகுதி என்பதைக் கருதுக.

'மாத இறுதி' என்றமைக்கும் பொருள் உண்டு. விற்பனைக்கூடங்களில் ஒவ்வொரு மாதமும் இத்தனை வண்டி விற்கவேண்டும் என்னும் இலக்கு இருக்கும். இலக்கை எட்டச் சில வண்டிகளே குறையும் நாளில் விற்பவர் மனம் இளகும். ஆயுத பூசை நாளில், தாமே வரிசையாக வந்து நிற்போரிடம் அவர் இளகவேண்டிய தேவை இல்லை. விற்பவரின் தேவை மிகுந்தால் விலை தாழும் என்பதற்கு 2017ஆம் ஆண்டில் நாடே கண்ட சான்று ஒன்று உண்டு. பாரத் நிலை மூன்று என்னும் பழைய புகை அளவுக்கு உட்பட்ட வண்டிகளை ஏப்ரல் முதல் நாளிலிருந்து விற்கக்கூடாது என்று அவ்வாண்டு மார்ச் 29ஆம் நாளில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. அந்நாளில் ஆறு இலட்சத்துக்கும் மேற்பட்ட இருசக்கர ஊர்திகள் விற்காமல் நாடெங்கும் நின்றன. எஞ்சியவை இரண்டு நாள்களே. விலையில் அசையமாட்டோம் என்று நின்ற விற்பனைக்கூடங்களெல்லாம் ஆயிரக்கணக்கில் தள்ளுபடி தந்தன. சில வண்டிகளுக்குத் தள்ளுபடி 22,000 ரூபாய் வரை உயர்ந்தது. அச்சிட்ட விலையும் காலத்துக்குக் கட்டுப்பட்டதே என்பதை மக்கள் அன்று கண்கூடாகக் கண்டனர்.

காலத்தைப்பற்றி அறியவேண்டியது இன்னும் ஒன்று உண்டு. வண்டி செய்யப்பட்ட மாதமும் ஆண்டும் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும். டிசம்பரில் செய்த வண்டியை ஜனவரியில் வாங்கினால், ஒரு மாதமே ஆன அவ்வண்டி, பின்னாளில் விற்கும்பொழுது ஓராண்டு மூத்ததாகக் கருதப்படும். அதனால் நேரும் இழப்பு வாங்குபவர்க்கே. ஆதலின் செய்த மாதத்தை முன்னரே கேட்டறிந்து, பழைய ஆண்டு வண்டியாயின் அதற்கேற்ற குறைப்பைக் கேட்டல் முறையாகும்.

இனிக் கடனைப்பற்றிக் கூறுவோம். பலர் பேரத்திற் பெற்ற ஊதியத்தை இழப்பது இவ்விடத்திலேதான். "மாதம் எவ்வளவு கட்ட இயலும் ஐயா?" என்று பணியாளர் வினவுவார். இவ்வினாவுக்கு உடனே விடை கூறுதல் ஆகாது. நம் நெசவாளர், "தம்பி, முதலில் வண்டியின் முழு விலையை முடித்துக்கொள்வோம், தவணையைப் பிறகு பேசுவோம்" என்கின்றார். இது நல்ல விடை. தவணை மாதங்களை நீட்டினால் மாதத் தொகை சிறுத்துத் தோன்றும். மொத்தத் தொகையோ பெருகும். சிறிய எண்ணைக் காட்டிப் பெரிய எண்ணை மறைக்கும் வழி இது.

வட்டியிலும் இருவகை உண்டு. முதல் முழுவதற்கும் இறுதிவரை ஒரே அளவாகக் கணக்கிடும் நிலை வட்டி ஒன்று. அடைத்தது போக எஞ்சிய முதலுக்கு மட்டும் கணக்கிடும் குறையும் வட்டி மற்றொன்று. நம் நெசவாளர் 25,000 ரூபாய் முன்பணம் கட்டி, 80,000 ரூபாய் கடன் பெறுகின்றார். வட்டி நூற்றுக்குப் பத்து, காலம் மூன்றாண்டு. நிலை வட்டியாயின், ஆண்டுக்கு 8,000 வீதம் மூன்றாண்டுக்கு வட்டி 24,000 ரூபாய். மாதத் தவணை ஏறத்தாழ 2,889 ரூபாய். குறையும் வட்டியாயின், மாதத் தவணை ஏறத்தாழ 2,581 ரூபாய். மூன்றாண்டு வட்டி சற்றேறக்குறைய 12,930 ரூபாயே. இரண்டுக்கும் வேறுபாடு 11,000 ரூபாய்க்கும் மேல்! வரிவரியாகப் பேசிக் குறைத்த 10,000 ரூபாயைவிட இது மிகுதி அன்றோ? முன்வாயிலில் வந்த செல்வம் பின்வாயிலில் வெளியேறிவிட்டது.

'நூற்றுக்குப் பத்து' என்னும் சொல் இரண்டிடத்தும் ஒன்றே; பொருளோ வேறு. ஒன்றரை ஆண்டு கடந்து கடனில் ஏறக்குறையப் பாதியை அடைத்த பின்னரும், 80,000 ரூபாய் முழுவதற்கும் வட்டி கட்டுவதே நிலை வட்டியின் இயல்பு. ஆதலின் பத்து விழுக்காட்டு நிலை வட்டி, உண்மையில் ஏறத்தாழ 18 விழுக்காட்டுக் குறையும் வட்டிக்கு ஒப்பாகும். இம்மயக்கத்தைப் போக்கும் பொருட்டே ரிசர்வ் வங்கி ஒரு விதி செய்துள்ளது. 2024ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளிலிருந்து வழங்கும் இத்தகைய கடன்களுக்கு, எல்லாச் செலவும் உட்பட ஆண்டு விகிதம் எவ்வளவு என்பதைக் காட்டும் முக்கிய விவரத் தாள் ஒன்றைக் கடன் பெறுபவர்க்கு முன்னரே தரவேண்டும். அத்தாளைக் கேட்டு வாங்கிப் படியாமல் கையெழுத்திடலாகாது. விற்பனைக்கூடத்தில் அமர்ந்திருக்கும் நிதி நிறுவனத்தாரிடம் மட்டுமே கடன் பெறவேண்டும் என்பதும் இல்லை. வங்கியிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் விசாரித்தபின் முடிவு செய்தல் நலம். கடன் முழுவதும் அடைந்த நாளில், தடையில்லாச் சான்று பெற்று, பதிவுச் சான்றிதழில் உள்ள கடன் குறிப்பை நீக்கிக்கொள்ளவும் மறத்தலாகாது.

பழைய வண்டியைக் கொடுத்துப் புதியது வாங்குவோர் மற்றொன்றும் நினைவில் வைத்தல் வேண்டும். புதியதன் விலையும் பழையதன் விலையும் இருவேறு பேரங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலந்தால், பழைய வண்டிக்குக் கூடுதலாகக் கொடுப்பதுபோற் காட்டிப் புதியதில் எடுத்துக்கொள்ளுதல் எளிது. ஆகவே புதிய வண்டியின் விலையை முடித்துத் தாளில் எழுதிய பின்னரே பழைய வண்டியைப்பற்றிப் பேசத் தொடங்குக. அதற்கு வெளியார் என்ன விலை தருவர் என்பதையும் முன்னரே அறிந்து வைத்திருக்க.

இவ்வளவும் அறிந்தபின், பேசும் முறை எளிது. ஒரே வண்டியை விற்கும் இரண்டு மூன்று விற்பனைக்கூடங்களுக்குச் செல்க. ஒவ்வோர் இடத்திலும் வரிவரியாக விலை எழுதிய தாளைப் பெறுக. மக்கள் இதனைக் 'கொட்டேஷன்' என்பர். வாய்ச்சொல்லாகக் கூறும் தள்ளுபடி மறுநாள் மறந்துபோகும், எழுதியது மறவாது. தாள்களை ஒப்புநோக்கியபின், உங்கள் மனத்துக்கு உகந்த இடத்துக்கு மீண்டும் சென்று, "அங்கே இவ்வளவு, இங்கே எவ்வளவு?" என்று கேட்க. கேட்டபின் சற்றே வாளா இருக்க. பேச்சுக்கு இடையில் வரும் அமைதியும் ஒரு பேச்சே. "இன்று மட்டுமே இவ்விலை, நாளைக்கு இல்லை" என்று விரைவுபடுத்தினால், "நல்லது, இல்லத்தில் கலந்து வருகின்றோம்" என்று எழுந்திருக்க. பதறாத காரியம் சிதறாது. எழுந்து வெளியே வர மனம் உடையவரே விலை பேச வல்லவர். 'இவ்வண்டி இன்றேல் வாழ்வே இல்லை' என்று முகத்திலே எழுதிக்கொண்டு செல்பவர் பேரம் தொடங்குமுன்னரே தோற்றவராவர். விலை முற்றும் முடியுமுன் முன்பணம் கொடுத்தலும் ஆகாது. பணம் கைமாறியபின் பேச்சின் வலிமை எதிர்ப்பக்கம் சென்றுவிடும்.

வண்டியைப் பெறும் நாளில், எண்களைச் சரிபார்த்தல் வேண்டும். அடிச்சட்ட எண்ணும் இயந்திர எண்ணும் சீட்டில் உள்ளவையும் வண்டியில் பொறித்தவையும் ஒன்றே எனக் காண்க. ஓடிய தூரம் காட்டும் கருவியையும், திறவுகோல்களையும், உத்தரவாத ஏட்டையும், தலைக்கவசத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரையையும் நோக்குக. தற்காலிகமாகவோ நிலையாகவோ பதிவு ஆகாத வண்டியை வாங்குபவரிடம் ஒப்படைக்கக்கூடாது என்பது விதி. ஆதலின், "எடுத்துச் செல்லுங்கள், எண் பிறகு வரும்" என்றால் இசையலாகாது. கொடுத்த ஒவ்வொரு தொகைக்கும் ரசீது பெற்று வைத்தல் வேண்டும். முறையற்ற தொகை பெற்றவர் திருப்பித் தர மறுத்தால், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கும். 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்கிடலாம். அங்கெல்லாம் பேசுவது நம் வாய் அன்று. நாம் பாதுகாத்து வைத்த ரசீதே.

இத்துணையும் கூறியதனால், விற்பவரெல்லாம் வஞ்சகர் என்று கருதிவிடலாகாது. வணிகர் ஊதியம் பெறாமல் கடை நடத்த இயலாது. நமக்கு எதிரே நின்று பேசும் இளைஞரும் ஒரு குடும்பத்தைத் தாங்குபவரே. விற்கும் வண்டியைப் பொறுத்தே அவருக்கு ஊக்கத்தொகை கிடைக்கும். தாளில் உள்ள கட்டணங்களை வகுத்தவர் அவரும் அல்லர். ஆகவே அவரை இகழ்ந்து பேசுதல் பண்பு அன்று, பயனும் அன்று. வண்டி வாங்கியபின் பழுது பார்ப்பதற்கும் நாம் அவ்விடத்துக்கே செல்லவேண்டும் அன்றோ? ஒரு விலைக்கு இசைந்து சொல் கொடுத்தபின், நூறு ரூபாய் குறைவென்று வேறிடம் ஓடுதலும் முறை அன்று. காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்தம் நடுவுநிலைமையைப் பட்டினப்பாலை பாராட்டுகின்றது. அந்நடுவுநிலைமை விற்பவர்க்கு மட்டும் உரியது அன்று; வாங்குபவர்க்கும் உரியது. விற்பவரின் நேரிய ஊதியத்தையும் பறிக்க முயல்பவர் பேரம் பேசுபவர் அல்லர். விற்பவரை வஞ்சனை செய்யத் தூண்டுபவர் ஆவர்.

பேரத்தில் விடக்கூடாத ஒன்றும் உண்டு. தலைக்கவசத்தையும் சேலைக் காப்பையும் விட்டுக்கொடுத்து ஆயிரம் ரூபாய் குறைத்தேன் என்று மகிழ்தல் பேதைமை. உயிரைக் காக்கும் பொருளில் செய்யும் சிக்கனம் சிக்கனம் ஆகாது.

மாணவர்களே! வண்டி வாங்குவதற்கு மட்டும் உரியது அன்று இத்திறம். நிலம் வாங்கும்பொழுதும், வீடு கட்டும்பொழுதும், கடன் பெறும்பொழுதும், வேலைக்கு ஊதியம் பேசும்பொழுதும் ஒரு தாள் உங்கள்முன் நீட்டப்படும். அதனை வரிவரியாகப் படியுங்கள். இது யாருக்குச் செல்லும் தொகை, எந்த விதியின்படி கேட்கப்படுகின்றது, வேறிடத்தில் எவ்வளவு என்னும் மூன்று வினாக்களை ஒவ்வொரு வரியிடத்தும் எழுப்புங்கள். விடை கிடைத்த வரிக்கு மனமுவந்து பணம் கொடுங்கள். விடை கிடைக்காத வரியை மெல்ல அடித்துவிடுங்கள். கேட்பதற்கு நாணுதல் அடக்கம் ஆகாது. உழைத்து ஈட்டிய பொருளுக்குக் கணக்குக் கேட்டல், அதனை ஈட்டிய பெற்றோரின் உழைப்புக்கு நாம் செய்யும் மதிப்பே ஆகும்.